வூகாமர்ஸ் தளத்தில் உள்ள 420 டைல் படங்களை ஷீட்டுக்குத் தானாகக் கொண்டுவருவது எப்படி?

ஆத்தங்குடி_பட்டறை:

வணக்கம். ஆத்தங்குடிக் கல் (தரை டைல்) பட்டறை ஒன்றின் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ், அதன் மேல் கடை நடத்தும் பிளகின் வூகாமர்ஸ். 420 டிசைன், டிசைனுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கல்லை மட்டும் மேலிருந்து எடுத்த நேர்ப்படம் ஒன்று, தரையில் பதித்தபின் எடுத்தது மூன்றோ நாலோ.

வேண்டியது ஒரே ஒரு பட்டியல்: டிசைன் எண், பெயர், அளவு, விலை, நேர்ப்படம், பக்கத்தின் லிங்க். சென்னை, கொச்சி ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் எக்செல்லாகத்தான் கேட்கின்றன. இப்போது ஒவ்வொரு படமாக ரைட் கிளிக் செய்து எடுத்து ஒட்டுகிறோம். விலை மாறினாலோ டிசைன் கூடினாலோ மறுபடி முதலிலிருந்து.

கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட்எக்ஸ்எம்எல் போட்டு எல்லா ஐஎம்ஜி டேகின் எஸ்ஆர்சியையும் (படத்தின் லிங்க்) கேட்டால் லோகோ வருகிறது, வாட்ஸப் ஐகான் வருகிறது, அப்புறம் "டேட்டா:இமேஜ்/ஜிஃப்" என்று தொடங்கும் நீள நீளமான வரிகள். கல்லின் படம் ஒன்றுகூட இல்லை. லிங்கைக் கையால் எடுத்து இமேஜ் ஃபங்ஷனில் கொடுத்தால் சிலது வருகிறது, சிலது வெறும் கட்டம். அதையே எக்செல்லாக இறக்கி அனுப்பினால் பழைய எக்செல் உள்ளவர்களுக்குப் படமே தெரியவில்லை.

என்னிடம் இருப்பது எடிட்டர் லாகின் மட்டும். பைதான் எழுதியிருப்பதைப் படித்துத் திருத்தும் அளவுக்குத் தெரியும். எந்த வழியில் போகலாம்?

காரை_நிரல்:

சொந்தத் தளம் என்றால் பக்கத்தைச் சுரண்டும் வேலையே வேண்டாம் தம்பி. அந்த 420 பக்கமும் ஒரு டேட்டாபேஸ் அட்டவணையிலிருந்து வருபவை. அட்டவணையைப் பக்கமாக்கி, பக்கத்தை மறுபடி அட்டவணையாக்குவது மாவை இடித்து நெல்லாக்கப் பார்ப்பது மாதிரி.

உங்களுக்கு ஏன் படம் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற இடங்களிலும் உதவும். இம்போர்ட்எக்ஸ்எம்எல் கூகுளின் சர்வரிலிருந்து பக்கத்தின் எச்டிஎம்எல்லை மட்டும் இழுக்கும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. உங்கள் தளத்தில் ஏதோ ஒரு லேசிலோட் பிளகின் இருக்கிறது. அது எஸ்ஆர்சியில் 1×1 அளவுள்ள வெற்று ஜிஃபை வைத்துவிட்டு, நிஜ லிங்கை டேட்டா-எஸ்ஆர்சி அல்லது டேட்டா-லேசி-எஸ்ஆர்சி என்கிற வேறு பண்பில் ஒளித்து வைக்கும். ஆள் கீழே உருட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை எடுத்து இதில் மாட்டும். உருட்ட ஆள் இல்லாததால் உங்களுக்கு ஜிஃப்தான் கிடைத்தது. (2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் லேசிலோட் உள்ளேயே இருக்கிறது. அது எஸ்ஆர்சியைத் தொடுவதில்லை. தொல்லை பிளகின் செய்வது.)

இனி வழி. வூகாமர்ஸிலேயே ப்ராடக்ட்ஸ் பக்கத்தின் தலைப்பில் எக்ஸ்போர்ட் பொத்தான் உண்டு. சிஎஸ்வி வரும், அதில் எஸ்கேயு (பொருள் எண்), பெயர், விலை, இமேஜஸ் எல்லாம் இருக்கும். இமேஜஸ் கட்டத்தில் படங்களின் லிங்குகள் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும். முதலாவதுதான் முகப்புப் படம். எடிட்டர் லாகினில் இந்தப் பொத்தான் தெரியாது. ஷாப் மேனேஜர் அனுமதி வேண்டும். தளம் கட்டியவரிடம் அட்மின் லாகின் கேட்காதீர்கள், ஷாப் மேனேஜர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதைக் கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால் லாகினே கேட்காத ஸ்டோர் ஏபிஐ (கடையின் தரவை நிரலுக்கு நேரே தரும் வாசல்) இருக்கிறது. தள முகவரிக்குப் பின் டபிள்யூபி-ஜேசன், சாய்கோடு, டபிள்யூசி, சாய்கோடு, ஸ்டோர், சாய்கோடு, வி1, சாய்கோடு, ப்ராடக்ட்ஸ். பிரவுசரிலேயே அடித்துப் பாருங்கள். ஜேசன் (நிரல் படிக்கும் தரவு வடிவம்) கொட்டினால் வேலை பாதி முடிந்தது. பெர்-பேஜ் என்ற அளபுருவில் அதிகபட்சம் 100 கொடுக்கலாம், ஆக 420-க்கு ஐந்து பக்கம். மொத்தம் எத்தனை பக்கம் என்பது பதிலின் ஹெடரில் (கூடவே வரும் குறிப்பு) எக்ஸ்-டபிள்யூபி-டோட்டல்பேஜஸ் என்று வரும். அதைப் படித்துச் சுற்றை நிறுத்துங்கள், 5 என்று கையால் எழுதி வைத்தால் 501-வது டிசைன் வரும் நாளில் யாருக்கும் தெரியாமல் விடுபடும். ஒவ்வொரு பொருளிலும் ஐடி, பெயர், எஸ்கேயு, பெர்மாலிங்க், ப்ரைசஸ், இமேஜஸ் இருக்கும். இமேஜஸ் என்பது பட்டியல். முதல் உறுப்பின் எஸ்ஆர்சி முழு அளவுப் படம், தம்ப்நெயில் சின்னது.

ஷீட்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் திறந்து, யூஆர்எல்ஃபெட்ச்ஆப் கொண்டு அந்த ஐந்து முகவரியையும் இழுத்து, ஜேசனைப் பிரித்து, 420 வரிசையையும் ஒரே அரேயாகக் கட்டி, செட்வேல்யூஸ் (மொத்தமாக எழுதுவது) ஒரே தடவை. ஒவ்வொரு வரிசைக்கும் அப்பெண்ட்ரோ (ஒவ்வொன்றாகச் சேர்ப்பது) போடாதீர்கள். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் கொடுப்பார்கள், அதில் பாதி அதற்கே போய்விடும். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 20,000 ஃபெட்ச் உண்டு. நமக்கு வேண்டியது ஐந்து.

படத்துக்குத் தனி நெடுவரிசையில் இமேஜ் ஃபங்ஷன்: முதலில் லிங்க் இருக்கும் கட்டம், பிறகு மோட் 4, உயரம் 120, அகலம் 120. மோட் 1 என்று விட்டால் கட்டத்தின் அளவுக்குப் படம் சுருங்கும், வரிசை 21 பிக்சலில் இருந்தால் தீப்பெட்டிப் படம் மாதிரி ஆகிவிடும்.

கொப்பனாபட்டி:

ஏபிஐயை செக்யூரிட்டி பிளகின் அடைத்து வைத்திருந்தால் இன்னொரு குறுக்குவழி. இம்போர்ட்எக்ஸ்எம்எல்லில் ஐஎம்ஜியை விட்டுவிட்டு, பக்கத்தின் தலையில் இருக்கும் மெட்டா டேகில் ப்ராபர்ட்டி "ஓஜி:இமேஜ்" என்பதன் கன்டென்டைக் கேளுங்கள். லிங்கை வாட்ஸப்பில் பகிரும்போது வரும் படம் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. லேசிலோட் அதைத் தொடாது, பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும், பெரும்பாலும் முகப்புப் படமாகவே இருக்கும். எஸ்இஓ பிளகினில் யாராவது பொதுப்படம் ஒன்று வைத்திருந்தால் மட்டும் 420 வரிசையிலும் லோகோ நிற்கும்.

ஆனால் இது 20, 30 பக்கத்துக்கு. 420 கட்டத்தில் போட்டால் பாதிக்கு மேல் "லோடிங்" என்றே நிற்கும், ஷீட்டைத் திறந்து வைத்திருந்தால் ஒரு மணிக்கு ஒரு தடவை மறுபடி இழுக்கும். வந்ததும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி போட்டு வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள்.

ஆத்தங்குடி_பட்டறை:

நன்றி அண்ணே. ஸ்டோர் ஏபிஐ திறக்கிறது, ஐந்து பக்கமும் ஷீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால்:

60 ரூபாய்க் கல் 6000 என்று வருகிறது. டிசைன் எண் 0117 என்பது 117 ஆகிவிட்டது. 10-12 என்ற எண் டிசம்பர் மாதத் தேதியாக மாறிவிட்டது. மொத்தம் 409 வரிசைதான், 11 காணோம். சில பொருள்களுக்கு எஸ்கேயு காலி. படத்தில் சுமார் 30 கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. பார்டர் கல் எல்லாம் ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது.

காரை_நிரல்:

விலை: ஸ்டோர் ஏபிஐ பைசாவில் தரும். ப்ரைசஸுக்குள்ளேயே கரன்சி-மைனர்-யூனிட் என்று 2 நிற்கும். 10-ஐ அத்தனை மடியாக்கி வகுக்க வேண்டும். வகுக்கும் முன் நம்பராக மாற்றுங்கள், அது டெக்ஸ்டாகத்தான் வருகிறது.

எண்: எழுதுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையின் ஃபார்மேட்டை ப்ளெயின் டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். ஸ்கிரிப்டில் செட்நம்பர்ஃபார்மேட்டுக்கு "@" கொடுத்தால் போதும். எழுதிய பிறகு மாற்றினால் பயன் இல்லை. பூஜ்யம் அப்போதே போய்விட்டது, தேதியும் அப்போதே தேதி ஆகிவிட்டது. சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தாலும் இதே கதைதான். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாகத் திறந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். எதிர்காலத்தில் எண்ணுக்கு முன் ஒரு எழுத்து வைத்துவிடுவது இதைவிட உத்தமம்.

காணாமல் போன 11: ஏபிஐ வெளியிட்டதை மட்டும்தான் காட்டும். டிராஃப்ட், பிரைவேட் வராது. எடிட்டர் லாகினில் ப்ராடக்ட்ஸ் பட்டியல் தெரிந்தால் மேலே "டிராஃப்ட்ஸ்" எண்ணிக்கையைப் பாருங்கள், தெரியாவிட்டால் ஷாப் மேனேஜர் கிடைத்ததும் பார்க்கலாம். கணக்கு அங்கேதான் நேராகும்.

எஸ்கேயு காலி: அவை 8, 10, 12 அங்குலம் என்று அளவு தேர்வு வைத்த வேரியபிள் பொருள்களாக இருக்கும். எஸ்கேயு ஒவ்வொரு அளவுக்கும் தனியாகப் போட்டிருப்பார்கள், தாய்ப் பொருளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஷீட்டின் முதல் நெடுவரிசையில் எப்போதும் ஐடியை வையுங்கள். ஐடி காலியாக இருக்கவே முடியாது, மாறவும் மாறாது. பெயரையோ வரிசை ஒழுங்கையோ நம்பிப் படத்தைச் சேர்க்காதீர்கள். ஒரு பொருளுக்குப் படம் இல்லாமல் போய், படங்களைத் தனிப் பட்டியலாக வரிசையில் ஒட்டியிருந்தால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு கட்டம் மேலேறிவிடும். பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். கொச்சிக்காரர் தாமரைக் கல்லுக்கு ஆர்டர் போட்டு, லாரியில் போய் இறங்குவது வேறு டிசைனாக இருக்கும்.

வெறும் கட்டம்: லிங்கை எடுத்து பிரவுசரில் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். திறந்தால் கோப்புப் பெயரைக் கவனியுங்கள். இடைவெளியோ தமிழெழுத்தோ இருந்தால் லிங்கை என்கோட் செய்ய வேண்டும், ஸ்கிரிப்டில் என்கோட்யூஆர்ஐ. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட், பைட்டுக்கு சதவீதக்குறியோடு 3 எழுத்து. அதனால் "கண்டாங்கி" என்கிற சின்னப் பெயரே 81 எழுத்தாகும். பயந்துவிடாதீர்கள், அது சரிதான். ஏற்கெனவே என்கோட் ஆனதை மறுபடி செய்தால் சதவீதக்குறியே %25 ஆகி லிங்க் செத்துவிடும். சதவீதக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எஸ்விஜி படத்தை இமேஜ் ஃபங்ஷன் ஏற்காது. கூகுள் டிரைவில் வைத்த படத்தின் பகிர்வு லிங்கையும் ஏற்காது.

பெயரெல்லாம் ஒழுங்காக இருந்தும் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கில் ஹாட்லிங்க் ப்ரொடெக்ஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தைக் கேட்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை ரெஃபரர் ஹெடரில் பார்த்து, நம் தளம் இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) சொல்லும். ஷீட்ஸ் படம் கேட்கும்போது உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவதில்லை.

பார்டர்: தம்ப்நெயிலை எடுத்திருக்கிறீர்கள். வூகாமர்ஸ் தம்ப்நெயிலை வழக்கமாகச் சதுரமாக வெட்டும். சதுரக் கல்லுக்குக் குறையில்லை, 10×5 பார்டருக்கு இரண்டு ஓரமும் போய், கொடி எங்கே திரும்புகிறது என்றே தெரியாது. அவற்றுக்கு எஸ்ஆர்சிசெட்டை எடுங்கள். அதில் ஒரே படத்தின் பல அளவுகள் காற்புள்ளி போட்டு, ஒவ்வொன்றின் பின்னும் 300டபிள்யூ, 768டபிள்யூ என்று அகலத்தோடு இருக்கும். 768 போதும். கோப்புப் பெயரின் கடைசியில் 300×300 என்று ஒட்டியிருப்பதை வெட்டினால் மூலப்படம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் போனிலிருந்து நேரே ஏற்றிய பெரிய படம் என்றால் 2560 பிக்சலுக்குச் சுருக்கி, பெயரில் "ஸ்கேல்டு" சேர்த்துவிடும் வேர்ட்பிரஸ். ஊகித்துப் பெயர் கட்டுவதைவிட ஏபிஐ கொடுப்பதை எடுங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா:

ஷீட்ஸ் பக்கம் முடிந்தது, எக்செல் பக்கத்தைச் சொல்கிறேன். எக்செல்லிலும் இமேஜ் ஃபங்ஷன் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2024 போன்ற புதியவற்றில் மட்டும். ஷீட்ஸில் இரண்டாவது இடத்தில் மோட் வரும். எக்செல்லில் இரண்டாவது மாற்று உரை, மூன்றாவதுதான் அளவு முறை. அதனால் ஒன்றில் எழுதியதை மற்றதில் அப்படியே நம்ப முடியாது. எக்செல் 2016, 2019 வைத்திருப்பவருக்கு ஃபங்ஷனின் பெயரே தெரியாத பிழைதான் வரும். வெளியாருக்கு அனுப்புவது என்றால் படத்தைக் கோப்புக்குள்ளேயே பதிப்பது ஒன்றுதான் வழி. நெட் இல்லாத சைட்டிலும் திறக்கும்.

பைதானில் மூன்று நூலகம்: இறக்க ரிக்வெஸ்ட்ஸ், படத்தைத் திருத்த பில்லோ, எக்செல் எழுத எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர். ஓபன்பைஎக்செல்லிலும் செய்யலாம். அதில் படத்தின் அகலம் உயரத்தைக் குறைத்தால் காட்சிதான் குறையும், கோப்புக்குள் போவது முழுப் படம். 3 எம்பி படம் 420 என்றால் ஒன்றேகால் ஜிபி எக்செல். அது யாருக்கும் திறக்காது. எந்த நூலகமானாலும் முதலில் பில்லோவில் சுருக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

படத்தை இறக்கும்போது டைம்அவுட் கட்டாயம் கொடுங்கள், 20 விநாடி. கொடுக்காவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் பதில் வரும்வரை காத்துக்கொண்டே நிற்கும், இரவு ஓடவிட்டது காலையிலும் 212-வது படத்தில் நிற்கும். படத்துக்குப் படம் 1 விநாடி இடைவெளி விடுங்கள். 420-க்கு ஏழு நிமிடம்தான். 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) வந்தால் ரிட்ரை-ஆஃப்டர் ஹெடரில் எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கலாம், இருந்தால் அதன்படி நில்லுங்கள். இறக்கியதை "ஐடி.ஜேபிஜி" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கோப்பின் வாலை நம்பாதீர்கள். ஜேபிஜி என்று பெயர் இருக்கும், உள்ளே வெப்பி என்ற வேறு பட வடிவம் இருக்கும். படங்களை வேகமாகக் கொடுக்க நடுவில் நிற்கும் சிடிஎன் சர்வர் மாற்றிக் கொடுக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் வெப்பியை ஏற்காது. சில சமயம் படத்துக்குப் பதில் 200 (எல்லாம் சரி) என்ற நிலையோடு ஒரு எச்டிஎம்எல் பிழைப் பக்கமே வரும். கன்டென்ட்-டைப் "இமேஜ்" என்று தொடங்குகிறதா பாருங்கள், பிறகு பில்லோவில் திறந்து பாருங்கள். திறக்காததை ஒரு தனிப் பட்டியலில் ஐடியோடு எழுதி வையுங்கள்.

திறந்ததும் செய்ய வேண்டியது, இந்த ஒழுங்கிலேயே: எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ். இதை விட்டால் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததெல்லாம் படுத்துக் கிடக்கும். அடுத்து நிறம். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் இருக்கும். பில்லோ சேமிக்கும்போது அந்த நிறக்குறிப்பை நாம் சொல்லாவிட்டால் விட்டுவிடும். குறிப்பு போனால் நம் காவிச் சிவப்பு வெளுத்துத் தெரியும். கல் வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பில்லோவின் இமேஜ்சிஎம்எஸ் கொண்டு, பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றது. அச்சகத்திலிருந்து வாங்கிய படங்கள் சிஎம்ஒய்கேயில் (அச்சு மை நிறவெளி) இருக்கலாம், அவற்றுக்கும் இதுவே மருந்து. அப்புறம் பின்னணி நீக்கிய பிஎன்ஜிகள்: வெள்ளைத் தாள் ஒன்றை உருவாக்கி அதன் மேல் ஒட்டி, ஆர்ஜிபி ஆக்குங்கள். நேரே ஜேபிஜி ஆக்கினால் "ஆர்ஜிபிஏ-வை எழுத முடியாது" என்று நிற்கும், வலுக்கட்டாயமாக மாற்றினால் பின்னணி கறுப்பாகிவிடும்.

சுருக்குவது 232 பிக்சலுக்கு. சேமிக்கும்போது தரம் 85, டிபிஐ 192. இந்த டிபிஐயில்தான் சூட்சுமம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் படத்தின் டிபிஐயைப் படித்து, 96-ஐ அடிப்படையாக வைத்துத் திரை அளவைக் கணக்கிடும். 232 பிக்சல், 192 டிபிஐ என்றால் திரையில் 116 பிக்சல். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் இருமடங்கு விவரம் இருக்கும். டிபிஐயைக் கவனிக்காமல் விட்டால் 72 உள்ளது பெரிதாகவும் 300 உள்ளது பொட்டு மாதிரியும், ஒரே ஷீட்டில் ஆளுக்கு ஒரு அளவாக நிற்கும். இப்படிச் செய்தால் படம் ஒன்று சுமார் 20 கேபி, மொத்தம் 8, 9 எம்பி. ஜிமெயிலின் 25 எம்பிக்குள் தாராளமாக அடங்கும்.

வரிசை உயரம் 120 பிக்சல், அதாவது 90 பாயின்ட். பிக்சலிலேயே கொடுக்க செட்-ரோ-பிக்சல்ஸ், செட்-காலம்-பிக்சல்ஸ் உண்டு. எக்செல்லின் நெடுவரிசை அகலம் எழுத்துக் கணக்கில் இருப்பதால் இதுவே வசதி. இன்சர்ட்-இமேஜில் இரு பக்கமும் 2 பிக்சல் தள்ளி வைத்து, ஆப்ஜெக்ட்-பொசிஷன் 1 கொடுங்கள். 1 என்றால் கட்டத்தோடு நகரும், சுருங்கவும் செய்யும். இயல்பில் இருப்பது 2. அதை விட்டுவைத்தால் வாங்குபவர் "12 அங்குலம் மட்டும்" என்று ஃபில்டர் போடும்போது மறைந்த வரிசைகளின் படமெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவியும். படம் கட்டத்துக்கு வெளியே ஒரு பிக்சல் நீண்டாலும் சார்ட் செய்து வரிசைகளை இடம் மாற்றும்போது அது கூட வராது, அதற்காகத்தான் அந்த 2 பிக்சல்.

எம்பெட்-இமேஜ் என்றும் ஒன்று இருக்கிறது. படம் கட்டத்தின் மதிப்பாகவே உட்காரும், சார்ட், ஃபில்டர் எதற்கும் அசையாது. ஆனால் புதிய எக்செல்லில் மட்டும் தெரியும், பழையதில் வேல்யூ பிழை. உள் உபயோகத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், வெளியே அனுப்ப வேண்டாம்.

ஆத்தங்குடி_பட்டறை:

எக்செல் சரியாக வந்துவிட்டது. பார்டர் கல்லும் முழுதாகத் தெரிகிறது. இன்னும் ஒன்று. ஒரு டிசைனுக்கு எத்தனை அச்சு இருக்கிறது, எந்தெந்த நிறத்தில் ஊற்றுகிறோம் என்ற விவரம் பட்டறைக் கணக்கில் தனி எக்செல்லாக இருக்கிறது. அதில் ஐடி கிடையாது, தமிழ்ப் பெயர் மட்டும்தான். பெயரை வைத்து வீலுக்அப் போட்டால் தாமரை, நட்சத்திரம், சங்கிலி எல்லாம் பொருந்துகிறது. கொன்றைப்பூ, கோலம், சோழிக்கட்டம் பொருந்தவே மாட்டேன் என்கிறது. ஒரெழுத்து வித்தியாசம் இல்லை, காப்பி செய்து பக்கத்தில் வைத்தும் பார்த்தாகிவிட்டது.

காரை_நிரல்:

நீங்கள் கொடுத்த மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து இருக்கிறது. யூனிகோடில் "ொ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், "ெ" தனியாக "ா" தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. "ோ", "ௌ" இரண்டுக்கும் இதே கதி. ஒரு பட்டியல் ஒரு கீபோர்டில், இன்னொன்று வேறு கீபோர்டில் அடித்தது, அவ்வளவுதான். லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள், எண்ணிக்கை ஒன்று கூடக் குறைய இருக்கும்.

மருந்து: இரண்டு பட்டியலையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) மாற்றுங்கள். பைதானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ், ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எந்தச் சரத்தின் மேலும் நார்மலைஸ். கூடவே முன்பின் இடைவெளியை வெட்டி, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளையும் நீக்கிவிடுங்கள். தளத்திலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ ஒட்டியதில் அவை ஒட்டிக்கொண்டு வரும். "ௌ" விஷயத்தில் மட்டும் இன்னொரு வில்லங்கம்: பலர் "ெ" போட்டுப் பக்கத்தில் "ள" அடித்திருப்பார்கள். அது எந்த நார்மலைஸிலும் சரியாகாது, கையால்தான் திருத்த வேண்டும்.

ஒரு தடவை பொருத்தி முடித்ததும் பட்டறைக் கணக்கிலும் ஐடியை ஒரு நெடுவரிசையாக எழுதிவிடுங்கள். பெயரை வைத்துப் பொருத்துவது அதோடு முடியட்டும்.

பழம்பொருள்_வீதி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். காரைக்குடியில் பழைய சாமான் கடைக்கு இதே போல ஒன்று வேண்டும், ஆனால் படம் நம் தளத்தில் இல்லை. எனாமல் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, மரத்தூண் என்று மற்றக் கடைகளின் தளங்களில் இருக்கும் படங்களை விலை ஒப்பிட ஷீட்டில் சேர்க்கலாமா?

கொப்பனாபட்டி:

ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு லிங்க், விலை, பார்த்த தேதி மூன்று நெடுவரிசை போதும், படம் எதற்கு? படம் எடுத்தவருக்கோ எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கோ சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் காலமானபின் 60 ஆண்டும். அதை உங்கள் கேட்டலாகில் போட்டு அனுப்பினால் அவர் கேட்பார், கேட்க அவருக்கு உரிமையும் இருக்கிறது. தளத்தின் ரோபாட்ஸ் கோப்பையும் (நிரல்கள் எங்கே வரலாம் என்று சொல்வது) விதிமுறைப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அவர் தளத்தை விநாடிக்குப் பத்துத் தடவை தட்டினால் உங்கள் ஐபியை அடைத்துவிடுவார்.

மாதிரிக்குப் பொதுவான படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸுக்குப் போங்கள். அதன் ஏபிஐயில் இமேஜ்இன்ஃபோ கேட்கும்போது எக்ஸ்ட்மெட்டாடேட்டாவும் சேர்த்துக் கேட்டால் படத்தின் லிங்கோடு உரிமம், எடுத்தவர் பெயர் எல்லாம் வரும். இரண்டையும் தனி நெடுவரிசையாக வையுங்கள், படத்தைப் பயன்படுத்தும் இடத்தில் அந்தப் பெயரையும் போட வேண்டியிருக்கும். யூசர்-ஏஜென்டில் நீங்கள் யார், எப்படித் தொடர்பு கொள்வது என்று எழுதச் சொல்கிறார்கள். பைதானின் இயல்புப் பெயரோடு போனால் மறுப்பு வரலாம்.

ஆத்தங்குடி_பட்டறை:

பெயர் எல்லாம் பொருந்திவிட்டது. கடைசியாக ஒன்று: வாரா வாரம் 420 படத்தையும் மறுபடி இறக்க வேண்டுமா? சில டிசைனுக்கு மட்டும் புதுப்படம் ஏற்றுவோம்.

தேவகோட்டை_ரஸ்தா:

வேண்டாம். ஏபிஐயில் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஐடி வருகிறது. பொருளின் ஐடிக்குப் பக்கத்தில் படத்தின் ஐடியையும் எழுதி வையுங்கள். அடுத்த ஓட்டத்தில் அது மாறியிருந்தால் மட்டும் இறக்கு. புதுப்படத்தை வழக்கம்போல ஏற்றி மாற்றினால் ஐடியும் மாறும், லிங்கும் மாறும். அதே பெயரில் ஏற்றினாலும் வேர்ட்பிரஸ் பெயருக்குப் பின்னால் -1 என்று சேர்த்துக்கொள்ளும்.

மீடியாவை மாற்றும் பிளகின் வைத்திருந்தால்தான் சிக்கல். அது ஐடி, லிங்க் இரண்டையும் அப்படியே வைத்து உள்ளிருக்கும் படத்தை மட்டும் மாற்றும். அப்போது முதல் தடவை இறக்கும்போது வந்த ஈடேகை (படத்தின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) சேமித்து வைத்து, அடுத்த தடவை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் அனுப்புங்கள். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், படம் வராது. 420-க்கும் கேட்டாலும் சுமை இல்லை.

காரை_நிரல்:

ஷீட்ஸ் பக்கத்துக்கு ட்ரிக்கர் போடுங்கள்: ஸ்கிரிப்ட் திரையின் இடது ஓரத்தில் கடிகாரப் படம், டைம்-ட்ரிவன், வீக் டைமர், ஞாயிறு விடியற்காலை. அந்த மீடியா மாற்றும் பிளகின் இருந்தால் இங்கேயும் ஒரு வேலை பாக்கி. லிங்க் மாறாததால் இமேஜ் ஃபங்ஷன் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், கூகுள் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கிறது. லிங்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு வி=2 என்று சேருங்கள், அடுத்த மாற்றத்துக்கு வி=3. சர்வர் அதைப் பொருட்படுத்தாது, கூகுள் புது லிங்க் என்று நினைத்து மறுபடி இழுக்கும்.